மூக்கு அண்ணாச்சியின் வாய்

ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது எங்கள் பட்டாசுக் கம்பெனி. தினமும் காலை ஏழரை மணிக்கு ஆண்கள் எல்லோரும் வரிசையில் நின்று, கேட் வாட்ச்மேன் தேவாசீர்வாதத்தின் முகத்தில் ஊத வேண்டும். ஆள் குட்டை என்பதால் ஒரு கல்லின் மேல் ஏறி நிற்பார். "ஊது" என்பார். ஊதுவார்கள். பீடி வாடை வந்தால் மடியைத் தடவித் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். சாராய வாடை வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. மூன்றாவது தடவையும் அகப்பட்டால் பேரையே எடுத்துவிடுவார்கள். மதுவிலக்குக் காலம் அது. சாராயம் கிடைக்காது என்று சட்டம் சொன்னது. எங்கே கிடைக்கும் என்று ஊருக்கே தெரியும்.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் லேபிள் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பீடி, சாராயம் எதுவும் தொட்டதில்லை. ஆனாலும் ஆறு வருடமாக என் வாயை ஒரு திருடனின் மூட்டையைப் பிரிப்பது போலத்தான் மோந்து பார்த்தார். ஒரு நாள்கூடச் சிரித்ததில்லை. ஆட்கள் அவருக்கு "மூக்கு அண்ணாச்சி" என்று பேர் வைத்திருந்தார்கள். அது தெரிந்தும் அவர் கோபப்படவில்லை. பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைப் பை எடுத்துக்கொண்டு போகிறவர்களில் அவரும் ஒருவர். மனைவி கனகமணி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மூக்கு விஷயத்தில் தேவாசீர்வாதத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. கிராம்பு வாடை வந்தால் சாராயம் என்று அர்த்தம். குடித்தவன்தான் அதை மறைக்கக் கிராம்பு மெல்லுவான், மற்றவனுக்குக் காலங்காத்தாலே கிராம்பு எதற்கு என்பார். "பல் வலி அண்ணாச்சி" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். ஒருத்தருக்கும் அவர் காது கொடுக்கவில்லை. ஒருத்தன் ஆஸ்பத்திரிச் சீட்டே கொண்டுவந்தான். அதை நாலாக மடித்து அவன் சட்டைப் பையிலேயே செருகி, "வீட்டுல போய்ப் படிலே" என்று அனுப்பினார்.

அறுபத்தொன்றாம் வருடம் ஜூன் மாதம், தீபாவளி ஆர்டர்கள் வர ஆரம்பித்த சமயம், அவருடைய தாடை உடைந்தது. கேட்டில் குறுக்கே ஒரு நீள மூங்கில் கிடக்கும். அதன் ஒரு முனையில் கல் கட்டியிருக்கும். கயிற்றை விட்டால் மூங்கில் தானாக மேலே போகும். லோடு ஏற்றிய லாரி ஒன்று அவசரமாக ஹாரன் அடித்தது. இவர் குனிந்து கயிற்றின் முடிச்சை அவிழ்த்தவர், முகத்தை விலக்க மறந்துவிட்டார். பத்து வருடம் தினமும் செய்த வேலை. மூங்கில் மோவாயில் அடித்த சத்தம் என் கிடங்கு வரைக்கும் கேட்டது.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் மேல் பல் வரிசைக்கும் கீழ் பல் வரிசைக்கும் கம்பி போட்டு, இரண்டையும் சேர்த்து முறுக்கிக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. திறக்கவும் முடியாது. பின்பல் ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதைப் பிடுங்காமல், கிராம்பு எண்ணெயில் குழைத்த வெள்ளை மருந்தை வைத்து அடைத்து அனுப்பினார் டாக்டர். சாப்பாடு எல்லாம் கஞ்சி, பால், ரசம்தான். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருந்த சந்து வழியாக உறிஞ்ச வேண்டும். டீச்சர் கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தார்.

மூன்றாவது வாரமே மனிதர் வேலைக்கு வந்துவிட்டார். அவர் இல்லாத நாட்களில் போர்மேன் சங்கரலிங்கம்தான் கல்லின் மேல் நின்றார். அவருக்கு இருபது வருட மூக்குப்பொடிப் பழக்கம். ரோஜாப்பூவுக்கும் கருவாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு அது. குடித்தவன், குடிக்காதவன் எல்லோரும் கூச்சமில்லாமல் உள்ளே போனார்கள். சீசன் நேரம், வெடிமருந்து ரூமில் இரவு பகலாகக் கலக்குகிறார்கள், ஒரு கை தவறினால் ரூமோடு எல்லோரும் போய்விடுவார்கள், இப்படி விட்டால் ஆகாது என்று தேவாசீர்வாதம் தாமாகவே வந்து கல்லில் ஏறினார்.

முதல் ஆள் ஊதுவதற்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டாவது ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவதாக நின்றவன் வாய்த்துடுக்குக்காரன்.

"அண்ணாச்சி, நீங்க எங்க வாயை மோந்து பாக்கீகளா, நாங்க உங்க வாயை மோந்து பாக்கணுமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன், உண்மையாகவே நாறியது. மூன்று வாரக் கஞ்சியும் பாலும் அந்தக் கம்பி முடிச்சுகளுக்குள் இருந்தன. அடுத்தவர் வாயில் என்ன இருக்கிறது என்று ஒரு முழத் தூரத்தில் சொல்லிவிடுகிறவருக்குத் தன் வாய் தெரியவில்லை. காது வரைக்கும் சிவந்துபோய் நின்றார்.

கனகமணி டீச்சரின் தங்கை இசபெல், சாத்தூரில் நர்ஸ். அன்று சாயங்காலமே அவளை வரவழைத்தார்கள். இந்த வீட்டுக் கதையெல்லாம் டீச்சர் பின்னால் என்னிடம் சொன்னது. இசபெல் டார்ச் லைட்டை உதட்டுக்குள் அடித்துப் பார்த்தாளாம்.

"பல்லு நாறலை அத்தான். கம்பியில ஒட்டியிருக்கிற கஞ்சிதான் நாறுது. துலக்க முடியலைன்னு அப்படியே விட்டுருவாகளா?"

அவள் சொல்லிக்கொடுத்த வேலைகள் ஒன்றும் பெரிய வைத்தியம் இல்லை. கஞ்சி குடித்தாலும் பால் குடித்தாலும் உடனே வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைப் பின்சந்து வழியாகப் பீய்ச்சிக் கொப்புளிக்க வேண்டும். அதற்கு, காது கழுவுகிற ரப்பர்க் குமிழ் ஒன்றைப் புதிதாக வாங்கிக் கொடுத்தாள். பிறகு ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி, கண்ணாடியைப் பார்த்து ஒவ்வொரு கம்பி முடிச்சாகத் துடைக்க வேண்டும். நாள் முழுக்க ஒரு மடக்கு, ஒரு மடக்காகத் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். வாய் காய்ந்தாலே நாறும் என்றாள். டீச்சர் ஏலக்காய்த் தண்ணீர் காய்ச்சித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "அது நாத்தத்தை மறைக்கும்க்கா, போக்காது" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாளிலிருந்து கேட்டுக்குப் பக்கத்து உடைமரத்தின் முள்கிளையில் ஒரு முகக்கண்ணாடி தொங்கியது. கீழே மண்பானை, டம்ளர், உப்புப் பொட்டலம், ரப்பர்க் குமிழ். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மனிதர் மரத்தடியில் நின்று உதட்டை விரலால் தூக்கி, ஈர்க்குச்சியோடு மல்லுக்கட்டுவார். "அண்ணாச்சிக்கு மறுபடியும் கல்யாணம் வச்சிருக்கு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவர் எதையும் கண்டுகொள்ளவில்லை. எந்த வேலையைச் செய்தாலும் ராணுவத்தில் செய்வது போலத்தான் செய்வார். ஐந்தே நாளில் நாற்றம் போய்விட்டது. அவர் முன்னால் யாரும் மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

நாற்றம் போனதும் அதுவரை அதற்கு அடியில் இருந்தது வெளியே வந்தது. பின்பல்லில் டாக்டர் வைத்த மருந்தின் கிராம்பு வாடை.

மேனேஜர் லட்சுமிகாந்தம் ஏதோ கேட்பதற்கு அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கிட்டத்தட்ட நாலு வாரம் கஞ்சி குடித்த உடம்பு, படி ஏறும்போது தள்ளாடியது. கட்டிய பல்லுக்குள்ளிருந்து பேச்சு குழறி வந்தது. கூடவே கிராம்பு வாடை. மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"என்ன தேவாசீர்வாதம், கிராம்பு வாசம் வருதே?"

தேவாசீர்வாதம் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"கிராம்புன்னா என்ன அர்த்தம்னு நீங்கதான எனக்குச் சொன்னீக? உங்க சட்டப்படி இன்னைக்கு வீட்டுக்குப் போங்க."

பல்லைக் காட்டி விளக்கம் சொல்லியிருக்கலாம். குழறலானாலும் புரிந்திருக்கும். ஒரு தலையாட்டலோடு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் வந்தார், மறுநாளும் அதே வாடை, மறுநாளும் அனுப்பப்பட்டார். உப்புத் தண்ணீரால் எத்தனை தடவை கொப்புளித்தால்தான் என்ன, அடைத்து வைத்த மருந்து போகுமா? "நாளைக்கும் இப்படி வந்தா மூணாவது தடவை. பேரை எடுக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை" என்றார் மேனேஜர்.

அது வெறும் வேலை போகிற விஷயம் இல்லை. குடித்ததற்காக வெளியே அனுப்பிய கேட் வாட்ச்மேனை இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் சேர்க்காது. கோயிலில் காணிக்கைப் பையை வாங்கிக்கொள்வார்கள். டீச்சரின் பள்ளிக்கூடத்திலும் கேள்வி வரும்.

அன்று இசபெல் சண்டை போட்டாளாம். "நான் வந்து மேனேஜர்கிட்ட சொல்றேன். டாக்டர் சீட்டு வாங்கித் தாரேன். ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோற காரியத்துக்கு எதுக்கு அத்தான் இம்புட்டு வீம்பு?"

டீச்சர் வைத்திருந்த சிலேட்டை எடுத்து அவர் எழுதினார்: "எத்தனையோ பேர் பல் வலி என்றார்கள். நான் கேட்டேனா? சீட்டு கொண்டுவந்தவனை விட்டேனா?"

டீச்சர் அழுதார். அவர் சிலேட்டை அழித்துவிட்டு, ரப்பர்க் குமிழை எடுத்துக்கொண்டு கொப்புளிக்கப் போய்விட்டார்.

மூன்றாவது நாள் காலை. வரிசை நின்றது. கல்லின் மேல் போர்மேன் நின்றார். தேவாசீர்வாதம் கீழே, தரையில் நின்றார். மேனேஜர் வந்தார், ஆனால் இன்னொரு மனிதனின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோக அவருக்கு மனமில்லை. ஆபீசில் தற்செயலாக வாடை அடிப்பது வேறு, ஊதச் சொல்லி மோப்பது வேறு. போர்மேனின் மூக்கோ எதற்கும் ஆகாது.

"கோட்டைச்சாமியைக் கூப்பிடுங்க! அவன் மோக்கட்டும்!" என்று வரிசையில் யாரோ கத்தினார்கள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

கோட்டைச்சாமி மருந்து ரூமில் கலவை போடுகிறவன். என் தெருக்காரன். என் தம்பிக்கும் அதே ரூமில்தான் வேலை. கிராம்பு வாடைக்காகத் தேவாசீர்வாதம் அவனை ஏற்கெனவே இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இன்னொரு தடவை என்றால் அவன் பேரும் போய்விடும் என்ற நிலைமை. இவனைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டான் என்பதுதான் எல்லோருக்கும் வேடிக்கை. மேனேஜரும் தலையாட்டினார்.

கோட்டைச்சாமி நல்ல உயரம். தேவாசீர்வாதத்தின் முன்னால் இடுப்பை வளைத்து நின்றான். சிரிக்கவில்லை.

"ஊதுங்க அண்ணாச்சி."

பல் சந்து வழியாக அவர் ஊதினார்.

"இன்னொரு தரம். அடிவயித்துல இருந்து ஊதுங்க."

ஊதினார். அவரைப் பிடிக்காத நானே வரிசையை விட்டு இரண்டடி முன்னால் போய்விட்டேன். கோட்டைச்சாமி நிமிர்ந்தான்.

"கிராம்பு இருக்கு, மேனேஜர் ஐயா. சரக்கு இல்லை."

"அது எப்படிலே உனக்குத் தெரியும்?"

"தெரியும்ங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ரெண்டு தடவை உன்னை அனுப்புன ஆளு."

"அனுப்புனாருதான். அதுக்காக இல்லாததை எப்படிச் சொல்ல? இவரு குடிக்கலை."

மேனேஜருக்கும் உள்ளூர அதுதான் வேண்டியிருந்தது போல. தொப்பியை வரவழைத்துக் கொடுத்தார். தேவாசீர்வாதம் கல்லில் ஏறினார். அன்றைக்கு வரிசையில் வந்த யார் முகத்தையும் அவர் நேராகப் பார்க்கவில்லை.

ஜூலைக் கடைசியில் கம்பியை வெட்டி எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு, கோயில் முடிந்த கையோடு சைக்கிளில் ஏழாயிரம்பண்ணைக்கு வந்து, கோட்டைச்சாமியின் வீடு எது என்று என்னிடம் கேட்டார். வழி காட்டப் போன நானும் கூடவே உட்கார்ந்துவிட்டேன். கோட்டைச்சாமியின் மனைவி வள்ளித்தாய் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். தாடை இன்னும் முழுசாகத் திறக்கவில்லை, பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

"கோட்டைச்சாமி, உன்னை ரெண்டு நாள் வெளியே அனுப்புனேன். பல் வலின்னு சொன்ன. நான் நம்பலை. என் வாயில கம்பி கட்டுன பெறகுதான் தெரியுது. எத்தனை பேரை அநியாயமா அனுப்பியிருக்கேன்னு நெனச்சா ராத்திரி தூக்கம் வரலை. என்னை மன்னிச்சிரு."

கோட்டைச்சாமி மனைவியைப் பார்த்தான். அவள் உள்ளே போனாள்.

"அண்ணாச்சி, எனக்குப் பல் வலி இல்லை. அந்த ரெண்டு நாளும் குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

தேவாசீர்வாதம் கீழே வைத்த டம்ளரை மறுபடியும் கையில் எடுத்தார்.

"மத்தவுகளைப் பத்தி எனக்குத் தெரியாது. நெசமாவே பல் வலிக்காரன் இருந்திருப்பான். என்னைச் சரியாத்தான் அனுப்புனீக."

"அப்ப என்னை ஏன் காப்பாத்துன?"

"காப்பாத்தலையே. நீங்க குடிக்கலை, குடிக்கலைன்னு சொன்னேன். குடிக்கிறவனுக்குத் தெரியாதா அண்ணாச்சி? கிராம்பு வாயில இருக்கும். சரக்கு உள்ள இருந்து வரும். வாயைக் கொப்புளிக்கச் சொல்லிட்டு, அடிவயித்துல இருந்து ரெண்டாவது தரம் ஊதச் சொன்னா வெளங்கிரும். இத்தனை வருசமா மோந்தீக, இது தெரியலையா உங்களுக்கு?"

தேவாசீர்வாதம் சிரித்தார். வாய் பாதிதான் திறந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கிளம்பும்போது, "குடியை விட்டுருப்பா, நீ நிக்கிற எடம் அப்படி" என்று சொன்னார். "பாக்கேன் அண்ணாச்சி" என்றான்.

மறுநாள் முதல் கேட்டில் புதுப் பழக்கம் வந்தது. பானையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர், கொப்புளிப்பு, முதல் ஊதல், அடிவயிற்றிலிருந்து இரண்டாவது ஊதல். கிராம்பு வாடையோடு வந்த பல் வலிக்காரர்கள் இருவர் அந்த வாரமே உள்ளே போனார்கள். ஒருத்தனிடம், "கஞ்சி குடிச்சா உப்புத் தண்ணி போட்டுக் கொப்புளி" என்று யோசனைகூடச் சொன்னார். எனக்கு மனிதரைக் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்தது.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஊரே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தது. சனிக்கிழமை காலை பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தோடு வரிசையில் நின்றார்கள். கோட்டைச்சாமி எனக்கு முன்னால் நின்றான். கண் சிவந்திருந்தது. கொப்புளித்தான். ஊதினான். தேவாசீர்வாதம் அசையாமல் நின்றார்.

"அடிவயித்துல இருந்து" என்றார், மெதுவாக.

கோட்டைச்சாமி அவரையே பார்த்தபடி ஊதினான். பின்னால் நின்ற எனக்கே வாடை வந்தது.

"வீட்டுக்குப் போ, கோட்டைச்சாமி."

"இது மூணாவது தரம் அண்ணாச்சி."

"தெரியும்."

"அன்னைக்கு இதே எடத்துல நான் ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா நீங்க இங்கன நிக்க மாட்டீக."

"உள்ளதைச் சொன்ன. நானும் உள்ளதைத்தான் சொல்றேன்."

கோட்டைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே காட்டுக்குள் நடந்தான். அடுத்து நான். தேவாசீர்வாதம் "ஊது" என்று சொல்லாமல் கையால் சைகை காட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் அவர் முகத்தில் ஓங்கி ஊதிவிட்டு உள்ளே போனேன். அவ்வளவு கோபம் எனக்கு. நன்றி கெட்ட மனிதன் என்று கிடங்கில் எல்லோரிடமும் சொன்னேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

சாயங்காலம் மருந்து ரூமிலிருந்து என் தம்பி கருப்பணன் வந்தான். கோட்டைச்சாமிக்கு எதிரே உட்கார்ந்து சலிக்கிற வேலை அவனுக்கு. தலையிலிருந்து கால் வரை, வெடிமருந்தில் சேர்க்கிற வெள்ளிப் பொடி.

"கோட்டைச்சாமி அண்ணன் வரலை. ஒத்த ஆளா உக்காந்து சலிச்சு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. மேனேஜர்கிட்ட சொல்லி வேற ஆளு போடச் சொல்லுண்ணே" என்று அலுத்துக்கொண்டான்.

சொல்கிறேன் என்றேன். கேட்டைத் தாண்டும்போது தேவாசீர்வாதம் உடைமரத்தடியில் மறுபக்கம் திரும்பி நின்றிருந்தார். நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சின்னப் பிள்ளையா நான் என்று கேட்டுக் கையை உருவப் பார்த்தான். ஊர் வரும் வரைக்கும் நான் விடவில்லை.